41 மணி நேரம் ஓடிய ஒரு விவாதமும் என் கைமணியும்



போன வாரம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சின்ன வாக்குவாதம். அண்ணன் மகன் ஆரம்பித்தான். "அத்தை, ஒரு மசோதாவை அஞ்சு நிமிஷத்துல நிறைவேத்திட்டுப் போறாங்க. எதிர்க்கட்சிக்காரங்க பேச எழுந்தா நேரம் முடிஞ்சதுன்னு உட்கார வைக்கிறாங்க. இதுவா ஜனநாயகம்?" என்று கேட்டான். என் தம்பி விடவில்லை. "அக்கா, அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க. ஆளாளுக்கு இஷ்டம்போல பேசிக்கிட்டே இருந்தா நாட்டுல ஒரு வேலையும் நடக்காது" என்றான். சித்தப்பாவும் மகனும் இரவு பதினொன்றரை வரை மாறி மாறி எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி தப்பு என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது. ஆனால் இவர்கள் இருவரும் போட்ட சண்டையை 140 வருடங்களுக்கு முன்னால் லண்டனில் ஒரு சபை முழுவதும் போட்டிருக்கிறது. அந்தச் சண்டையில் பிறந்த விதிகள்தான் இன்று நம் நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவையிலும் நடைமுறையில் இருக்கின்றன. அந்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள்.

முதலில் எட்டாம் வகுப்புப் பாடத்தை ஒரு தடவை திருப்பிப் பார்ப்போம். ஒரு மசோதா சட்டமாக மூன்று "வாசிப்பு" வேண்டும். முதல் வாசிப்பில் அறிமுகம் செய்வார்கள். இரண்டாம் வாசிப்பில் அதன் நோக்கத்தை விவாதித்து, பிறகு ஒவ்வொரு பிரிவாக அலசுவார்கள். மூன்றாம் வாசிப்பில் மொத்தமாக ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வார்கள். "வாசிப்பு" என்று ஏன் பெயர் வந்தது என்று பரீட்சையில் கேட்டால் பாதிப் பேர் விட்டுவிடுவீர்கள். அச்சடித்த பிரதி எல்லோருக்கும் கிடைக்காத காலத்தில், சபையின் எழுத்தர் மசோதாவை உரக்கப் படித்துக் காட்டுவார். மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தின் மக்கள் சபையில், அதாவது காமன்ஸ் சபையில், 1881 வரை ஒரு விஷயத்துக்கு விதியே இல்லை. விவாதத்தை எப்போது முடிப்பது என்பதுதான் அது. ஓர் உறுப்பினர் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதற்கு எல்லை கிடையாது. பேச ஒருவர் எழுந்து நிற்கும்வரை சபாநாயகர் வாக்கெடுப்புக்குப் போக முடியாது. 650 பேருக்கு மேல் இருந்த சபை இத்தனை காலம் எப்படி ஓடியது என்றால், மரியாதையால்தான். பெரிய மனிதர்கள், ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எழுதாத வழக்கம் விதியின் வேலையைப் பார்த்துவந்தது.

அந்த வழக்கத்தைத் தெரிந்தே உடைத்தவர்கள் அயர்லாந்து உறுப்பினர்கள். ஏன் உடைத்தார்கள் என்று தெரியாமல் அவர்களைத் திட்டக் கூடாது.

1801 வரை அயர்லாந்துக்கு டப்ளினில் தனிப் பாராளுமன்றம் இருந்தது. அதைக் கலைத்து, உறுப்பினர்களை லண்டனுக்கு வரச் செய்தார்கள். நூறு பேருக்குச் சற்று அதிகமாக அவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் ஐந்நூறுக்கு மேல். எந்த வாக்கெடுப்பானாலும் தோல்வி உறுதி. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள். குத்தகை கட்ட முடியாத குடியானவனை நிலச்சுவான்தார் வீட்டோடு வெளியேற்றுவது சாதாரணமாக நடந்தது. இதைப் பற்றி லண்டனில் பேசினால் கேட்க ஆளில்லை. ஓட்டு பலம் இல்லாதவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், நேரம்.

அதை முதலில் ஆயுதமாக எடுத்தவர் ஜோசப் பிக்கர். பெல்ஃபாஸ்ட் நகரத்து இறைச்சி வியாபாரி. பேச்சாளர் என்று சொல்ல முடியாது, குரலும் இனிமையில்லை. 1875 ஏப்ரல் 22 அன்று, அயர்லாந்து மீதான ஓர் அடக்குமுறை மசோதாவை எதிர்த்து எழுந்தவர் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பேசினார். நீல அட்டை போட்ட அரசாங்க அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். நீங்கள் பேசுவது காதில் விழவில்லை என்று சபாநாயகர் சொன்னாராம். உடனே பிக்கர் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, அப்படியானால் முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டாராம்! நம் வகுப்பிலும் இப்படிப்பட்ட ஆசாமிகள் இருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

சில நாள் கழித்து இன்னொன்று செய்தார். சபையில் வெளியாட்கள் இருப்பதாக ஒரே ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினாலும் பார்வையாளர் மாடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. அன்று மாடத்தில் உட்கார்ந்திருந்தவர் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் என்று அரசரானவர். பிக்கர் சுட்டிக்காட்டினார். இளவரசரும் எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று. அதே வருடம் விதியை மாற்றி, சபை ஓட்டுப்போட்டு முடிவு செய்தால்தான் வெளியேற்றலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

பிக்கர் நான்கு மணி நேரம் பேசிய அதே நாளில்தான் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் என்ற இளைஞர் உறுப்பினராக வந்து அமர்ந்தார். அவர் நிலச்சுவான்தார் குடும்பம், மதத்தால் புராட்டஸ்டன்ட். ஆனால் அயர்லாந்துக் குடியானவர்களின் தலைவர் ஆனார். பிக்கரிடம் இருந்தது பிடிவாதம் என்றால் பார்னெலிடம் இருந்தது திட்டம். ஒரு பிரேரணை மீது ஒருவர் ஒரு முறைதான் பேசலாம் என்று விதி இருக்கிறதா? சரி, "சபையை ஒத்திவைக்க வேண்டும்" என்று புதிதாக ஒரு பிரேரணை கொண்டுவந்தால் அதன் மீது எல்லோரும் மறுபடி பேசலாம். அது தோற்றால் "விவாதத்தை ஒத்திவைக்க வேண்டும்" என்று இன்னொன்று. குழு நிலையில் ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் எழலாம். ஒரு விதியையும் மீறவில்லை. விதிகளை முழுக்கப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். 1877-ல் தென்னாப்பிரிக்கா பற்றிய ஒரு மசோதாவில் சபை தொடர்ந்து 26 மணி நேரம் நடந்தது.

இப்போது 1881-க்கு வருவோம்.

அதற்கு முந்தைய சில வருடங்களில் அயர்லாந்தில் விளைச்சல் பொய்த்தது, வெளியேற்றங்கள் கூடின. 1879-ல் நில உரிமைச் சங்கம் ஒன்று தொடங்கி, பார்னெல் அதன் தலைவரானார். ஒரு நிலச்சுவான்தாரின் காரியஸ்தராக இருந்த பாய்காட் என்பவருக்கு 1880-ல் ஊரே சேர்ந்து வேலை செய்ய மறுத்து, பேச்சுவார்த்தை இல்லாமல் ஒதுக்கிவைத்தது. நாம் இன்றும் "பாய்காட் பண்ணுகிறோம்" என்கிறோமே, அந்தச் சொல் அவர் பெயர்தான். கிளர்ச்சியை அடக்க கிளாட்ஸ்டன் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. சந்தேகம் இருந்தால் போதும், விசாரணை இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைக்கலாம்.

இதை அறிமுகம் செய்வதற்கே அயர்லாந்து உறுப்பினர்கள் விடவில்லை. 1881 ஜனவரி 31, திங்கட்கிழமை மாலை நான்கு மணி வாக்கில் சபை கூடியது. திங்கள் இரவு போனது. செவ்வாய் பகல் போனது. செவ்வாய் இரவும் போனது. அயர்லாந்துக்காரர்கள் முறைவைத்துப் பேசினார்கள். சபாநாயகர் ஹென்றி பிராண்டும் துணையாக இருந்தவர்களும் முறைவைத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். புதன் காலை ஒன்பது மணிக்கு பிராண்ட் சபைக்குத் திரும்பி வந்தார். அப்போது பேசிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? நம் பிக்கர்தான்.

பிராண்ட் கையில் ஒரு காகிதம். பிக்கரை மேலே பேச அழைக்காமல் அதைப் படித்தார். சிறுபான்மையான சில உறுப்பினர்களால் சபையின் மதிப்பும் அதிகாரமும் ஆபத்தில் இருக்கிறது, வழக்கமான விதிகள் உதவவில்லை, எனவே என் சொந்தப் பொறுப்பில் இதை இப்போதே வாக்கெடுப்புக்கு விடுகிறேன் என்பது அதன் சாரம். அயர்லாந்து உறுப்பினர்கள் "உரிமை! உரிமை!" என்று கூவிக்கொண்டே வெளியேறினார்கள். 41 மணி நேரத்துக்கும் மேல் ஓடிய அமர்வு முடிந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சபாநாயகர் செய்ததற்கு எந்த விதியிலும் இடமில்லை. விதியை மீறாமல் பேசியவர்களை, விதியில் இல்லாத அதிகாரத்தால் நிறுத்தினார். அது தானாக நடந்ததும் அல்ல. பிரதமரிடம் முன்பே பேசி, இந்த ஒரு முறை நான் செய்கிறேன், ஆனால் நீங்கள் முறையான விதி கொண்டுவர வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் செய்தார். அவர் செய்தது சரியா தவறா? ஒரு பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கமும் எழுதலாம், இரண்டுக்கும் முழு மதிப்பெண் போடுவேன்.

மறுநாள் இன்னும் மோசம். நில உரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் டேவிட் கைதான செய்தி வந்தது. சபையில் கூச்சல். ஒருவர் பின் ஒருவராக 36 அயர்லாந்து உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மார்ச் 2-ஆம் தேதி மசோதா சட்டமானது. அந்தச் சட்டத்தின் கீழ் அக்டோபர் 13 அன்று பார்னெலையே பிடித்து டப்ளினில் உள்ள கில்மைனம் சிறையில் அடைத்தார்கள். அடுத்த வருடம் மே மாதம்தான் விட்டார்கள். 41 மணி நேரம் எதற்காகப் பேசினார்கள் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

இனி விதிகளின் கதை.

1882 இலையுதிர் காலத்தில் நடைமுறை விதிகளைத் திருத்துவதற்காகவே சபை கூடியது. விவாதத்தை முடித்துவைக்கும் விதி, ஆங்கிலத்தில் "குளோஷர்" என்பது, அப்போதுதான் எழுத்தில் வந்தது. ஆனால் பூட்டு மேல் பூட்டுப் போட்டு வந்தது. விவாதம் போதும் என்று சபை நினைப்பதாகச் சபாநாயகருக்கே தோன்ற வேண்டும். 200 பேருக்கு மேல் ஆதரிக்க வேண்டும். எதிர்ப்பவர்கள் 40 பேருக்குக் குறைவாக இருந்தால் மட்டும் 100 பேருக்கு மேல் ஆதரித்தால் போதும். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேடிவ் கட்சி, இது பேச்சுரிமையைக் கொல்லும் அந்நிய வழக்கம் என்று கடுமையாக எதிர்த்தது.

ஐந்தே வருடம். 1887-ல் அதே கன்சர்வேடிவ் கட்சி ஆட்சியில். அயர்லாந்துக்கு இன்னொரு அடக்குமுறை மசோதா. இப்போது அவர்களே அந்தப் பூட்டுகளில் ஒன்றைக் கழற்றினார்கள். எந்த உறுப்பினர் வேண்டுமானாலும், "இப்போதே வாக்கெடுப்பு நடத்துக" என்று கேட்கலாம், சபாநாயகர் அனுமதித்தால் அதை ஓட்டுக்கு விடலாம் என்று ஆக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த வருடம் ஜூன் மாதம், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மணிக்கு, விவாதிக்காத பிரிவுகள் எத்தனை மிச்சம் இருந்தாலும் எல்லாவற்றையும் பேச்சில்லாமல் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய இயந்திரத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள், "கில்லட்டின்". இதை முன்னின்று செய்த அவை முன்னவர் டபிள்யூ.எச். ஸ்மித். ரயில் நிலையப் புத்தகக் கடைகளுக்குப் பேர்போன குடும்பம். நம் ஊர் ரயில் நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடை இருந்ததே, அதுபோல.

கதை இன்னும் முடியவில்லை. 1893-ல் மறுபடி கிளாட்ஸ்டன், வயது 83. இந்த முறை அவர் கொண்டுவந்தது அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதா. கன்சர்வேடிவ்கள் பிரிவுக்குப் பிரிவு பேசி இழுத்தடித்தார்கள். அரசு கில்லட்டினைக் கையில் எடுத்தது. ஒரு காலத்தில் 41 மணி நேரம் பேசிய அயர்லாந்து உறுப்பினர்கள் இப்போது கில்லட்டினுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள்! ஜூலை 27 இரவு பத்து மணிக்கு விவாதம் துண்டிக்கப்பட்ட வேளையில், மாண்புமிகு உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே கைகலந்தார்கள். மாடத்தில் இருந்த பார்வையாளர்கள் சீட்டி அடித்துக் கண்டித்தார்களாம். மசோதா காமன்ஸில் தேறியது. பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. பார்னெல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1891-லேயே காலமாகிவிட்டார்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன்.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தங்கள் நடைமுறை விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு அதே உரிமையைத் தருவது 208-ஆவது பிரிவு. உறுப்பினர்களின் பேச்சுரிமையைச் சொல்லும் 105-ஆவது பிரிவைக் கவனித்துப் படித்தால், அந்த உரிமையே அவையின் விதிகளுக்கு உட்பட்டது என்று முதல் வரியிலேயே இருக்கும். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சபாநாயகர் தலைமையில் பல கட்சியினரும் இருக்கும் அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கிறது. மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாளில், விவாதிக்காத துறைகளின் கோரிக்கைகளையும் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடுகிறார்களே, அது அதே கில்லட்டின். பேரும் அதேதான்.

மக்களவை விதிகளில் 362-ஆவது விதி, விவாதத்தை முடிக்கும் விதி. யாரும் கேட்கலாம். ஆனால் அது விதியைத் துஷ்பிரயோகம் செய்வதாகவோ, நியாயமான விவாதத்துக்கான உரிமையைப் பறிப்பதாகவோ சபாநாயகருக்குத் தோன்றினால் அதை ஏற்க வேண்டியதில்லை. மொத்தக் கதையின் சாரமும் இந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. "நியாயமான விவாதம்" என்றால் எத்தனை நிமிடம்? விதிப்புத்தகத்தில் எண் கிடையாது. நாற்காலியில் இருப்பவரின் மனசாட்சியிடம் விட்டிருக்கிறார்கள்.

ஆக, அண்ணன் மகனே, விவாதத்துக்கு முடிவு வேண்டும் என்பது தப்பில்லை. முடிவே இல்லாத பேச்சும் ஒரு வகையில் ஓட்டுரிமையைப் பறிப்பதுதான். தம்பி, நீயும் கேள். பேசிக்கொண்டே இருந்தவர்களுக்குக் காரணம் இருந்தது. அவர்கள் பயந்த சிறை உண்மையாகவே அவர்களுக்கு வந்தது. ஒருவரை மனதில் வைத்து எழுதுகிற விதி அவரோடு நிற்காது. நாளைக்கு யார் மேல் விழும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இலக்கிய மன்றம். எட்டாம் வகுப்பில் "கிராம வாழ்க்கையா, நகர வாழ்க்கையா" என்று பட்டிமன்றம் வைத்தேன். பேசி முடித்த பிறகு வகுப்பு கை தூக்கி முடிவு சொல்லும். ஒரு பையன், தன் கட்சி தோற்கப் போகிறது என்று தெரிந்ததும், எழுந்து பேச ஆரம்பித்தவன் நீண்ட மணி அடிக்கும்வரை உட்காரவே இல்லை. பால்காரர் கதை, பஸ் கதை, பாட்டி கதை எல்லாம் வந்தது. வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம். அடுத்த வாரம் மேசை மேல் ஒரு கைமணியை வைத்தேன். ஆளுக்கு மூன்றே நிமிடம், மணி அடித்தால் உட்கார வேண்டும், மறுபேச்சு இல்லை.

அன்று முதலில் எழுந்தவள் ஒரு பெண். அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். அதுவரை மன்றத்தில் ஒரு நாளும் எழாதவள். நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் பக்கம் முடிவதற்குள் மூன்று நிமிடம் ஆகிவிட்டது. நான் மணி அடித்தேன். விதி விதிதானே. அவள் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வருடம் முடியும்வரை அவள் மறுபடி எழவில்லை. அந்தப் பையனுக்கோ ஒன்றும் ஆகவில்லை. மூன்று நிமிடத்தில் முப்பது நிமிடத்துக்கான சேட்டையைச் செய்யக் கற்றுக்கொண்டான்.

அடுத்த வருடப் பிள்ளைகளிடம் விதியை அவர்களையே எழுதச் சொன்னேன். மூன்று நிமிடம் சரி, ஆனால் ஐந்து பேர் கை தூக்கினால் இன்னும் இரண்டு நிமிடம் தர வேண்டும் என்றார்கள். அதுவரை பேசாதவருக்கு ஒரு முறை கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எழுதிய விதி அது. ஆனால் அதற்குள் அவள் எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

நாற்காலியில் இருந்தவள் நான். "நியாயமான விவாதம்" எது என்று பார்த்திருக்க வேண்டியவளும் நான்தான். கடிகாரத்தைப் பார்த்தேன், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாளின் இரண்டாவது பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாயா என்று தெரியவில்லை. உன் வகுப்புத் தோழிகள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் மூலமாவது உன்னிடம் சேரட்டும். அன்று டீச்சர் செய்தது தப்பு. உனக்கு இன்னும் நினைவிருந்தால் அந்த இரண்டாவது பக்கத்தை எனக்கு எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

மற்றவர்களும் உங்கள் கருத்தை எழுதுங்கள். சித்தப்பாவும் மகனும் இங்கே வந்து சண்டையைத் தொடரலாம், ஆனால் முறைவைத்து. இரவு பத்து மணிக்கு நான் தூங்கிவிடுவேன், அதுதான் நம் வீட்டுக் கில்லட்டின்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்